விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள்: வீட்டுச் சுவரில் விட்டில் பார்க்கவும் படமெடுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

குளியலறை ஜன்னலில் ஒருநாள் விடிகாலை காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தட்டிவிடப் போனேன். இலை நடுங்க ஆரம்பித்தது. சிறகைப் பாதி விரித்துக்கொண்டு விடுவிடுவென்று அதிர்ந்தது, ஒரு நிமிடத்துக்கும் மேலாக. பிறகு சட்டென்று எழும்பி, என் காதோரமாகப் பறந்து போய்விட்டது. பயத்தில் நடுங்கியது என்றுதான் அன்று நினைத்தேன். அது பயமில்லை. பெரிய உடம்புள்ள விட்டில்கள் மார்புத் தசை சூடாகாமல் பறக்க முடியாது. குளிர்ந்த நேரத்தில் இப்படி அதிர்ந்து அதிர்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டுதான் கிளம்பும். அன்றிலிருந்து ராத்திரி விளக்கை அணைக்கும் முன் சுவரை ஒரு பார்வை பார்க்காமல் நான் படுத்ததில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. அந்துப்பூச்சி என்பதுதான் புத்தகங்களில் இருக்கும் சொல். ஆனால் அந்து என்றதும் தானியத்தையும் துணியையும் அரிப்பதுதான் நினைவுக்கு வருகிறது. விட்டில் என்றால் சிலர் வெட்டுக்கிளியைச் சொல்வார்கள். இரண்டிலும் குறை உண்டு. விளக்கோடு சேர்ந்தே நம் வாயில் வரும் சொல் என்பதால் நான் விட்டில் என்றே எழுதுகிறேன்.

உலகத்தில் பெயர் வைக்கப்பட்ட விட்டில் இனங்கள் ஏறக்குறைய 1,60,000. பட்டாம்பூச்சிகள் 18,000 சொச்சம்தான். பட்டாம்பூச்சி பார்க்கக் காடு, தோட்டம் என்று அலைய வேண்டும். விட்டிலோ நம் வீட்டுக்கே வருகிறது. அலைச்சல் இல்லை, காத்திருப்பதுதான் வேலை.

முதலில், ஏன் வருகிறது?

விளக்கின் மேல் ஆசைப்பட்டு விழுந்து சாகிறது என்று காலங்காலமாகப் பாடிவிட்டோம். நிலாவை வைத்துத் திசை பார்க்கும் பூச்சி விளக்கை நிலா என்று ஏமாந்துவிடுகிறது என்ற விளக்கமும் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டதுதான். 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு வேறு கதை சொன்னது. விளக்கைச் சுற்றும் பூச்சிகளை அதிவேகக் கேமராக்களால் படம்பிடித்துப் பார்த்ததில், அவை விளக்கை நோக்கி நேராகப் பறப்பதில்லை. முதுகை விளக்கின் பக்கம் திருப்பிக்கொண்டு பறக்கின்றன.

காரணம் எளிமையானது. இரவிலும் தரையைவிட வானம்தான் வெளிச்சம். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் முதுகை வைத்துக்கொண்டால் போதும், எது மேல் எது கீழ் என்று குழம்பாமல் பறக்கலாம். மனிதன் பல்பைக் கண்டுபிடிக்கும்வரை இந்த ஏற்பாட்டில் ஒரு சிக்கலும் இல்லை. இப்போது பக்கவாட்டில் ஒரு பல்ப் எரிந்தால் பூச்சி அந்தப் பக்கம் முதுகைச் சாய்க்கிறது. சாய்ந்தபடியே பறப்பதால் வட்டமடிக்கிறது. பல்புக்கு நேர் மேலே வந்துவிட்டால் தலைகீழாகக் கவிழ்ந்து தொப்பென்று விழுகிறது. இதை உங்கள் வாசல் விளக்கிலேயே பார்க்கலாம். அடுத்த முறை ஒரு விட்டில் சுற்றும்போது அது எங்கே போகிறது என்று பார்க்காதீர்கள். அதன் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். எல்லா இனமும் இப்படி இல்லை. அரளிச் செடியில் புழுவாக வளரும் பச்சை நிறப் பருந்து விட்டில் அந்த ஆய்விலேயே விதிவிலக்காக இருந்தது.

இதை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விட்டில் நம் விளக்குக்கு ஆசைப்பட்டு வரவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கை எங்கே வைப்பது, எதன் மேல் அதை உட்காரவைப்பது, எப்போது அணைப்பது எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் வரும்.

முதல் வாரம்: எதுவும் வாங்காதீர்கள்

ஏற்கெனவே எரியும் விளக்கே போதும். எந்த விளக்கில் எத்தனை வருகிறது என்று ஒரு வாரம் பார்த்தாலே உங்கள் இடம் பிடிபட்டுவிடும். விட்டிலின் கண்ணுக்குப் புற ஊதாவும் நீலமும் பச்சையும் நன்றாகத் தெரியும். சிவப்பு பெரும்பாலான இனங்களுக்குச் சரியாகத் தெரியாது. அதனால் மஞ்சள் வெளிச்சம் தரும் எல்இடி பல்புக்கு வரும் கூட்டம் குறைவு, வெள்ளை பல்புக்குக் கொஞ்சம் கூடுதல், பழைய டியூப்லைட்டுக்கு இன்னும் நல்ல வரவு. டியூப்லைட்டிலிருந்து சொற்பமாகப் புற ஊதாக் கதிர் கசியும். எல்இடியில் அது கிட்டத்தட்டக் கிடையாது.

பல்பைவிட முக்கியம் சுற்றியுள்ள இருட்டு. எதிரே தெருவிளக்கு பளிச்சென்று எரிந்தால் உங்கள் விளக்கு எடுபடாது. செடிகொடி இருக்கும் பக்கத்துச் சுவர், அதுவும் சுண்ணாம்பு அடித்த சொரசொரப்பான சுவர் கிடைத்தால் விடாதீர்கள். வழவழப்பான டைல்ஸில் கால் நிற்காது; உட்கார்ந்து உட்கார்ந்து வழுக்கும். வெளிச்சத்தின் வீச்சும் நாம் நினைப்பதுபோல நீண்டதல்ல. சில பத்து மீட்டருக்குள் இருப்பதைத்தான் ஒரு விளக்கு இழுக்கும். ஆகவே சுவரில் வந்து உட்காருவது பெரும்பாலும் உங்கள் தோட்டத்திலும் பக்கத்து வேலியிலும் புழுவாக இருந்து வளர்ந்ததுதான். உங்கள் சுவர் உங்கள் செடிகளின் பட்டியல் என்றே சொல்லலாம்.

இரண்டு முறை சுற்றி வாருங்கள். ஒன்று, இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து. மற்றது, கிழக்கு வெளுக்கும் முன். என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் லாபம். வந்தவை எல்லாம் அசையாமல் தூங்கிக்கொண்டிருக்கும். விளக்குக்கு நேரே மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். ஜன்னல் சட்டத்தின் அடிப்பக்கம், விளக்கு மூடியின் பின்புறம், கதவிடுக்கு, தொங்கும் கொடிக்கயிறு, மீட்டர் பெட்டியின் நிழல் என்று தேடுங்கள். வெளிச்சத்துக்கு வந்த விட்டில் கடைசியில் உட்காருவது நிழலில்தான்.

துணி கட்டுவது

சுவர் அலுத்துப்போகும்போது துணிக்கு வாருங்கள். இரண்டு மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி. பழைய மெத்தை விரிப்பே போதும். பாலியெஸ்டர் வேண்டாம், நகம் பிடிக்காது.

இரண்டு கம்பங்களுக்கு நடுவே கயிறு கட்டித் துணியைத் தொங்கவிட்டு, காற்றில் ஆடாதபடி நான்கு மூலையும் இழுத்துக் கட்டுங்கள். ஆடும் துணியில் படம் எடுக்க முடியாது, பூச்சியும் நிற்காது. துணியின் கீழ்ப்பகுதியை அரை மீட்டர் அளவுக்குத் தரையில் முன்பக்கமாக விரித்துவிட வேண்டும். கவிழ்ந்து விழுபவை அதன் மேல் விழும். நம் கால்பட்டு நசுங்காது. விளக்கைத் துணிக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் தள்ளி, மார்பு உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் வைத்து மேல்நோக்கி எரியவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. மேலே சொன்ன கதைப்படி, அதன் மேலே பறக்கும் ஒவ்வொன்றும் குப்புறக் கவிழும்.

விளக்கில் இரண்டு வகை சொல்கிறேன். ஒன்று, யூவி, அதாவது புற ஊதா எல்இடி. 365 நானோமீட்டர் என்று போட்டிருப்பதைத் தேடுங்கள். 395 என்பது ஊதாவாகக் கண்ணைப் பறிக்கும், வேலை குறைவு. மொபைல் பவர்பேங்கில் ஓடுகிற சிறிய விளக்குகூட இருட்டான இடத்தில் நல்ல கூட்டம் சேர்க்கும். மற்றது, பூச்சி ஆராய்ச்சியாளர்கள் பல காலமாகப் பயன்படுத்தும் மெர்க்குரி வேப்பர் விளக்கு. கூட்டம் அள்ளும், ஆனால் கொதிக்கும். எரிந்துகொண்டிருக்கும்போது ஒரு மழைத்துளி பட்டால் கண்ணாடி வெடித்துவிடலாம். வெளிக்கண்ணாடி உடைந்தும் உள்ளே எரிந்துகொண்டிருந்தால் வெளிவருவது கண்ணையும் தோலையும் சுடும் கதிர். உடனே அணைக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்குச் சோக்கும் வேண்டும். வீட்டுக்கு எல்இடியே போதும் என்பது என் கட்சி.

எது ஆனாலும் நேராக உற்றுப் பார்க்காதீர்கள். புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டால் நல்லது, குழந்தைகள் கூட இருந்தால் கட்டாயம். கிருமி கொல்லும் யூவி குழாயை மட்டும் மறந்தும் மாட்டிவிடாதீர்கள். அதன் 254 நானோமீட்டர் கதிர் கண்ணைப் புண்ணாக்கிவிடும். ஈரத் தரையில் எக்ஸ்டென்ஷன் பெட்டியைக் கிடத்தாமல் ஒரு நாற்காலி மேல் வையுங்கள்.

எந்த ராத்திரி?

அமாவாசையை ஒட்டி, மேகமூட்டமாக, புழுக்கமாக, இலை அசையாத ராத்திரி. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இன்னும் நல்லது. பௌர்ணமியன்று வானமே வெளிச்சமாக இருப்பதால் உங்கள் விளக்குக்கு மவுசு இல்லை. காற்று அடித்தால் கடையைக் கட்டிவிடுங்கள்.

முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்பும் நாள் தனி. நூறு, ஆயிரம் என்று வந்து துணியை மூடிவிடும். அதற்குள் விட்டில் தேடுவது வீண். அன்றைக்கு ஒரு மணி நேரம் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போடுங்கள். ஈசல் பெரும்பாலும் அதற்குள் சிறகுதிர்த்து முடித்திருக்கும்.

இருட்டிய முதல் இரண்டு மணி நேரத்தில் சின்னச் சின்னவை நிறைய வரும். பெரிய பட்டு விட்டில்கள் பெரும்பாலும் நடுநிசியை ஒட்டித்தான். ஒன்பது மணிக்கே "இவ்வளவுதானா?" என்று எழுந்து போகிறவர்கள் பெரியதைப் பார்க்காமலே போய்விடுவார்கள்.

பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது

கேமராவை எடுக்கும் முன் பத்து நிமிடம் சும்மா பாருங்கள். டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொண்டால் அதிகம் கலையாது. உங்கள் நிழல் அதன் மேல் விழாமல், பக்கவாட்டிலிருந்து மெதுவாக நெருங்குங்கள். மூச்சுக்காற்று படக்கூடாது.

தலையிலிருந்து தொடங்குங்கள். உணர்கொம்பு நுனியில் குமிழ் இருந்தால் அது அநேகமாகப் பட்டாம்பூச்சி. விட்டிலுக்கு அது நூல்போலவோ சீப்புபோலவோ இறகுபோலவோ இருக்கும். பெரிய இறகுபோல் விரிந்திருந்தால் பெரும்பாலும் ஆண். காற்றில் கலந்து வரும் பெண்ணின் வாசனையைப் பிடிக்கத்தான் இவ்வளவு அகலம். அதற்குக் கீழே வாய். கடிகார ஸ்பிரிங்போலச் சுருண்ட உறிஞ்சுகுழல் தெரிகிறதா? பட்டு விட்டில் குடும்பத்தில் அது இருக்காது, இருந்தாலும் வேலை செய்யாது. சிறகை விரித்தால் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் வரும் அட்லஸ் விட்டில்கூட வளர்ந்தபின் ஒரு வாய் எதுவும் உண்பதில்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்ததை வைத்தே ஒரு வாரம் போல வாழ்ந்து, துணை தேடி, முட்டையிட்டு முடிந்துவிடும். அதை ஒரு ராத்திரி முழுக்க விளக்கடியில் பிடித்து வைப்பது அதன் வாழ்நாளில் எவ்வளவு பெரிய பங்கு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

காதையும் சோதிக்கலாம். துணியில் ஏழெட்டு உட்கார்ந்திருக்கும்போது ஒரு சாவிக்கொத்தை லேசாகக் குலுக்குங்கள். சில அசையாது. சில கல்போலப் பொத்தென்று விழும், சில கன்னாபின்னாவென்று பறக்கும். சாவி உரசும்போது நம் காதுக்கு எட்டாத மீயொலியும் வருகிறது. வௌவால் இரை தேட எழுப்பும் ஒலியும் அதே ரகம். நிறைய விட்டில்களுக்கு மார்பிலோ வயிற்றிலோ இதைக் கேட்கவே காது இருக்கிறது. புலி விட்டில்களில் சில பதிலுக்குத் தானும் டிக்டிக்கென்று மீயொலி எழுப்பும். ஒருமுறை குலுக்கினால் போதும், விளையாட்டாக்கிவிட வேண்டாம்.

முதுகில் மண்டையோடு போன்ற குறி கொண்ட பருந்து விட்டில் வந்தால் அருகில் காதை வைத்துக் கேளுங்கள். தொந்தரவு செய்தால் கீச்சென்று கத்தும். உறிஞ்சுகுழல் வழியாகக் காற்றை இழுத்துத் தள்ளி எழுப்பும் சத்தம் அது. அபசகுனம் ஒன்றுமில்லை.

படம்: முதலில் அடையாளம், அழகு பிறகு

முதல் வருடம் நான் எடுத்த சில நூறு படங்களும் சாய்வாக, நிழல் படர்ந்து, கண் மட்டும் கூர்மையாக இருப்பவை. பார்க்க நன்றாக இருந்தன. அவற்றில் முக்கால்வாசிக்கு இன்றுவரை பெயர் தெரியாது, ஏனென்றால் சிறகின் கோடுகள் ஒன்றும் தெரியவில்லை. அதனால் இப்போது வரிசை மாறாமல் எடுக்கிறேன்.

முதலில் நேர் மேலிருந்து ஒன்று. கேமராவின் முகமும் விட்டிலின் சிறகும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். அப்போதுதான் நான்கு ஓரமும் கூர்மையாக வரும். அடுத்து பக்கவாட்டில் ஒன்று: கால், உறிஞ்சுகுழல், முகத்தின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு எல்லாம் இதில்தான் தெரியும். மூன்றாவது, பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவுகோலைப் பிடித்து. அரை சென்டிமீட்டர் பூச்சியும் ஐந்து சென்டிமீட்டர் பூச்சியும் படத்தில் ஒரே அளவாகத்தான் தெரியும். இந்த மூன்றும் முடிந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் அழகு பார்க்கலாம்.

போன் வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு, ஒட்டிப் போவது. போனில் மேக்ரோ என்று இருப்பது பெரும்பாலும் அகலக்கோண லென்ஸ். மூன்று, நான்கு சென்டிமீட்டருக்குப் போனால் போனின் நிழலே பூச்சியை மூடிவிடும். அதைவிட 2 மடங்கு ஜூமில் கொஞ்சம் தள்ளி நின்று எடுத்து, பிறகு வெட்டிக்கொள்வது மேல். திரையில் விட்டிலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். அப்படியே வெளிச்சத்தை மேலே இழுங்கள். வெள்ளைத் துணியைப் பார்த்ததும் போன் "ரொம்ப வெளிச்சம்" என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கிவிடும். துணி சாம்பல் நிறமாகவும் விட்டில் கரித்துண்டாகவும் வரும். +0.7 முதல் +1 வரை ஏற்றினால் சரியாகும். இருண்ட சுவரில் இதற்கு நேரெதிர்.

இரண்டு தொல்லைகள் எல்லோருக்கும் வரும். யூவி விளக்கில் எடுத்த படம் முழுக்க ஊதா பூசியதுபோல் இருக்கும். பிறகு எந்த மென்பொருளாலும் உண்மை நிறத்தை முழுசாக மீட்க முடியாது. எடுக்கும் நேரத்துக்கு மட்டும் யூவியை அணைத்துவிட்டு வெள்ளை டார்ச் அடியுங்கள். இரண்டாவது, படத்தின் குறுக்கே வரிவரியாக இருட்டுப் பட்டை. மின்சாரத்தோடு சேர்ந்து விளக்கு துடிப்பதால் வருவது அது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள ஊரில் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120. டார்ச்சை நேராக அடிக்காமல் மேலே ஒரு பக்கமாக, முன்னால் மெல்லிய டிஷ்யூ தாளைக் கட்டிப் பிடியுங்கள். ஒரு கை போனில், ஒரு கை டார்ச்சில். ஒரு ஆள் கூட இருந்தால் பாதி வேலை மிச்சம்.

தனிக் கேமரா இருந்தால் 90 முதல் 105 மில்லிமீட்டர் வரையிலான மேக்ரோ லென்ஸும் ஒரு ஃப்ளாஷும் போதும். மேனுவலில் 1/160 நொடி, எஃப்/8 முதல் எஃப்/11, ஐஎஸ்ஓ 200 என்று ஆரம்பியுங்கள். நெருங்க நெருங்கக் கூர்மையாக இருக்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும். அதற்காக எஃப்/22 வரை மூடினால் படம் முழுக்கவே மழுங்கும், கவனம். ஃபோகஸைப் பூட்டிவிட்டு உடம்பை முன்னும் பின்னும் லேசாக ஆட்டி, கண் கூர்மையாகும் கணத்தில் அழுத்துவதுதான் பழகிய கையின் வழி. ஃப்ளாஷின் மின்னல் மிகக் குறுகியது என்பதால் கை நடுக்கம் பதியாது.

காசு செலவழிப்பதென்றால் லென்ஸைவிட வெளிச்சத்தைப் பரப்பும் திரைக்குச் செலவழியுங்கள். செலவே இல்லாமலும் செய்யலாம். சிறகு முழுக்க ஓடு வேய்ந்ததுபோல் செதில்கள் அடுக்கியிருக்கின்றன. தொட்டால் விரலில் மாவுபோல் ஒட்டுவது அதுதான். நேர் ஃப்ளாஷ் பட்டால் அந்தச் செதில்கள் கண்ணாடிபோல் பளீரிட்டு நிறம் வெளுத்துவிடும். பால் நிற பிளாஸ்டிக் தாள் ஒன்றை வளைத்து ஃப்ளாஷுக்கும் பூச்சிக்கும் நடுவே, பூச்சிக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்டக் கட்டுங்கள். அரக்கு, தங்கம், பாசிப்பச்சை எல்லாம் அப்போதுதான் படத்தில் வரும். பழுப்பு என்று ஒதுக்கிவிட்ட விட்டிலில் எத்தனை பழுப்பு இருக்கிறது என்று நான் பார்த்தது அந்தத் தாளைக் கட்டிய ராத்திரியில்தான்.

வெள்ளைத் துணி பின்னணி பிடிக்கவில்லையா? ஒரு குச்சியை அல்லது மரப்பட்டைத் துண்டை அதன் முன்காலுக்கு அடியில் மெதுவாக நுழைத்து விடுங்கள். அதுவே ஏறிக்கொள்ளும். சிறகைப் பிடித்துத் தூக்கவே வேண்டாம். அசையாமல் இருக்க ஃப்ரிட்ஜில் வைத்து எடுப்பவர்கள் உண்டு. நான் செய்வதில்லை. விடிகாலை நான்கரைக்கு எழுந்தால் ஃப்ரிட்ஜ் தேவைப்படாது.

பெயர் கண்டுபிடிப்பது

நிறத்தை நம்பாதீர்கள், உட்காரும் தோரணையைப் பாருங்கள். ஜெட் விமானம்போல் சிறகைப் பின்னுக்குச் சாய்த்து, தடித்த உடம்போடு இருந்தால் பருந்து விட்டில், ஸ்பிங்கிடே குடும்பம். நான்கு சிறகையும் சுவரோடு சுவராகத் தட்டையாக விரித்து, உடம்பு ஒல்லியாக இருந்தால் ஜியோமெட்ரிடே. இதன் புழுதான் சாண் அளந்து நடப்பது. ஓட்டு வீட்டுக் கூரைபோல் இரண்டு பக்கமும் சரித்து உட்கார்ந்தால் நாக்டுயிடேயாக இருக்கலாம். குச்சியில் செய்த ஆங்கில டி எழுத்துபோல் சிறகைச் சுருட்டி நீட்டியிருந்தால் இறகு விட்டில். இது ஒன்றுதான் தப்பே வராத அடையாளம்.

அடுத்து முன்சிறகின் கோலம். குறுக்கே ஓடும் கோடுகள் எத்தனை, நேரா, அலையா, பல் பல்லாகவா? நடுவில் சிறுநீரக வடிவிலோ வட்டமாகவோ புள்ளி உண்டா? ஓரத்துக் குஞ்சம் ஒரே நிறமா, கட்டம் கட்டமாகவா? பின்சிறகு பெரும்பாலும் ஒளிந்திருக்கும். தெரிந்தால் உடனே ஒரு படம்.

இத்தனையும் பார்த்தபின், படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றுங்கள். 2008இல் மாணவர்களின் பல்கலைக்கழகத் திட்டமாகத் தொடங்கியது, இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. கணினி சொல்லும் பெயரை அப்படியே ஒப்புக்கொள்ளாமல், அது உங்கள் பகுதியில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நெருங்கிய இனங்கள் சிலவற்றை இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். படத்தால் முடியவே முடியாது. இனத்துக்கு ஒரு படி மேலே உள்ள பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. குடும்பத்தோடு நின்றாலும் சரிதான்.

ஒவ்வொரு ராத்திரிக்கும் தேதி, நேரம், எந்த விளக்கு, மழையா மேகமா, நிலா எப்படி என்று நான்கு வரி எழுதிவையுங்கள். எதுவும் வராத ராத்திரியையும் எழுதுங்கள். ஜூலை கடைசி முழு வாரத்தை 2012 முதல் விட்டில் வாரமாகப் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். உங்கள் சுவரின் கணக்கும் அதில் சேரட்டும்.

கூட வருபவர்கள்

விளக்குக்கு விட்டில் மட்டும் வராது. பல்லி முதலில் வந்து இடம் பிடித்திருக்கும். நல்ல விட்டில் எங்கே என்று அதைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம், சில நொடி முந்திக்கொண்டால்.

கவனமாக இருக்க வேண்டியது ஒரு சிறு வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளம், எறும்புபோன்ற ஒல்லி உடம்பு, கறுப்பும் ஆரஞ்சும் மாறிமாறி, முதுகில் அரைச் சட்டைபோல் நீலக்கறுப்பு மூடி. பீடரஸ் என்று பெயர். கடிக்காது, கொட்டாது. ஆனால் கழுத்தில் ஊர்கிறதென்று அடித்து நசுக்கினால் அதன் உடம்புச் சாறு பட்ட இடமெல்லாம் மறுநாள் தீக்காயம்போல் கொப்பளிக்கும். ஊதித் தள்ளுங்கள், நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். உடம்பெல்லாம் பஞ்சு மயிரோடு வரும் மஞ்சள், வெள்ளை விட்டில்கள் சிலவற்றின் மயிரும் அரிக்கும். முழுக்கைச் சட்டை போடுவது எதற்கும் நல்லது.

அணைப்பது

ஒருமுறை துணியைக் கட்டிவிட்டு, இரண்டு மணிக்கு எழலாம் என்று படுத்துத் தூங்கிப்போனேன். எழுந்தபோது நன்றாக விடிந்துவிட்டது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. துணியில் ஒன்றும் இல்லை. கீழே விரிப்பின் மேல் சிறகுகள் கிடந்தன, உடம்பில்லாமல். வெளிர்பச்சையில் ஒன்று, கண்போல் வட்டமிட்ட பெரியது ஒன்று, பொடிப்பொடியாக எத்தனையோ. குருவிகளுக்கு நான் இலை போட்டு வைத்திருந்தேன்.

அதன் பிறகு அலாரம் இல்லாமல் விளக்கு போடுவதில்லை. இரண்டு, மூன்று மணி நேரம் போதும். யூவியை அணைத்து, மற்ற விளக்குகளையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். பாதி தானாகக் கிளம்பிவிடும். மிச்சத்தைத் துணியோடு செடிப்பக்கம் கொண்டுபோய், இலைகளுக்கு நடுவே மெதுவாக உதறுங்கள். மடிக்கும் முன் தையல் ஓரங்களை ஒரு முறை தடவிப் பாருங்கள், சின்னவை அங்கேதான் ஒளிந்திருக்கும். தொடர்ந்து தினமும் போடாமல் வாரத்துக்கு ஒரு ராத்திரி, ஒன்றிரண்டு கூட்டினாலும் அதோடு சரி.

பெரியது ஒன்று கிளம்பாமல் துணியிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். குச்சியில் ஏற்றிச் செடியில் விட்டுவிட்டு இருட்டில் கொஞ்சம் நில்லுங்கள். முதலில் நடுங்க ஆரம்பிக்கும்.